பழைய வீட்டில் கை வைக்கும் முன் பிளானைக் காட்டினோம்: திருவல்லிக்கேணி அனுபவம்

எங்கள் வீடு திருவல்லிக்கேணியில், பார்த்தசாரதி கோயிலிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கிறது. தாத்தாவின் அப்பா கட்டியது, வயது நூறை நெருங்குகிறது. திண்ணை, ரேழி, கூடம், நடுவில் முற்றம், பின்கட்டு, கிணறு, மேலே மெட்ராஸ் டெரஸ். அண்ணன் குடும்பம் பெங்களூரிலிருந்து திரும்பி வருவதால் மாடியில் இரண்டு அறை வேண்டும், அம்மாவுக்கு முழங்கால் வலி என்பதால் கூடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு கழிப்பறை வேண்டும். தேவை இவ்வளவுதான். ஒரு இன்ஜினியர் பிளான் போட்டுக் கொடுத்தார், அதைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. திண்ணை போய் கார் நிறுத்துமிடம், முகப்பில் பதினோரு அடிக்குக் கண்ணாடி, முற்றத்தின் மேல் பாலிகார்பனேட் ஷீட், பழைய தளத்தை உடைத்துவிட்டு முழுக்க கான்கிரீட்.

அந்தப் பிளானை எடுத்துக்கொண்டு மயிலாப்பூரில் ஒரு சின்ன ஆர்க்கிடெக்ட் அலுவலகத்துக்குப் போனோம். பழைய கட்டடத்தில் நாம் செய்ய நினைக்கிற மாற்றம் அந்தக் கட்டடத்தோடும் தெருவோடும் ஒட்டுமா ஒட்டாதா என்று பரிசீலித்து எழுதிக் கொடுப்பது அவர்கள் வேலை. மொத்தம் இரண்டே பேர், கையில் இருக்கிற வேலையே அதிகம், பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் இங்கே எழுதவில்லை. கட்டணம் 35,000 ரூபாய். கொடுத்த காசு வீண் இல்லை, எங்கள் வீடு பிழைத்ததே அவர்களால்தான். ஆனால் குறைகளும் உண்டு, அதையும் சொல்கிறேன்.

முதலில், இதற்கெல்லாம் காசு கொடுத்து ஆள் வைக்க வேண்டுமா, அரசாங்கமே பார்க்காதா என்று சித்தப்பா கேட்டார். நியாயமான கேள்வி. அண்ணா சாலையில் 1897-இல் எழுந்த பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தை 2006-இல் இடிக்கத் தொடங்கியபோது, பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கப் பாடுபடும் இன்டாக் அமைப்பு உயர் நீதிமன்றம் போனது. 2010-இல் தீர்ப்பு வந்தது. இடிக்கக் கூடாது, பாரம்பரியக் கட்டடங்களுக்கென்று ஒரு பாதுகாப்புக் குழுவை சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் (சிஎம்டிஏ) அமைக்க வேண்டும் என்றார்கள். நீதிபதி பத்மநாபன் குழு தொகுத்த பட்டியலில் 467 இடங்கள் இருந்தன. அந்த மாதிரிப் பட்டியலில் இருக்கிற கட்டடத்தில் மாற்றம் செய்தால் குழு பார்க்கும். எங்கள் வீடு போன்ற தெரு வீடுகள் ஆயிரக்கணக்கில் எந்தப் பட்டியலிலும் இல்லை. சாதாரண கட்டட அனுமதி கிடைத்தால் போதும், திண்ணையை இடிக்காதே என்று சொல்ல ஒரு ஆளும் இல்லை. வீட்டுக்காரராகப் பார்த்துக் கேட்டால்தான் உண்டு.

சரி, வேலைக்கு வருகிறேன். அந்த அலுவலகத்தின் ஆர்க்கிடெக்ட், ஒரு பெண், சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு வந்தார், வெயில் ஏறுவதற்குள் தெருவைப் பார்க்க வேண்டும் என்று. முதல் முக்கால் மணி நேரம் வீட்டுக்குள் வரவே இல்லை. "காபி ஆறிப்போகுது, உள்ள வாம்மா" என்று அம்மா இரண்டு தடவை கூப்பிட்டாள். "இதோ வரேம்மா" என்று சொல்லிவிட்டு எதிர் வீட்டுத் திண்ணையிலும் தெருவின் இரண்டு முனையிலும் நின்று படம் எடுத்தார், எங்கள் வரிசையில் ஆறு வீட்டின் திண்ணை உயரம், ஜன்னல் அடிமட்டம், கைப்பிடிச் சுவர் எல்லாவற்றையும் அளந்தார். பிறகு அதை ஒரே தாளில் கோடாக வரைந்து காட்டினார். ஆறு வீட்டின் திண்ணையும் ஒரு சாண் வித்தியாசத்துக்குள் ஒரே மட்டத்தில் ஓடுகின்றன. ஜன்னல்கள் எல்லாமே அகலத்தைப் போல இரண்டு மடங்கு உயரம். பிறந்ததிலிருந்து அந்தத் தெருவில் நடக்கிறேன், எனக்கு இது தெரியாது. அந்தக் கோட்டின் மேல் எங்கள் புதுப் பிளானின் எலிவேஷனை, அதாவது முகப்பு வரைபடத்தை, வைத்தபோது, வரிசையில் ஒரு பல் விழுந்த மாதிரி இருந்தது. அண்ணன் அந்த இடத்திலேயே வாயை மூடிக்கொண்டான். திண்ணை பிழைத்தது, கார் தெருமுனையில் வாடகை இடத்தில் நிற்கப் போகிறது.

மாடி அறை விஷயத்தில்தான் இவர்களுடைய வேலையின் அருமை தெரிந்தது. மெட்ராஸ் டெரஸ் எப்படிப் போடப்பட்டது என்று தெரிந்தால்தான் அதன் மேல் ஏன் கனமாகக் கட்டக் கூடாது என்பது புரியும். தேக்கு உத்தரங்களை நெருக்கமாக வைத்து, அவற்றின் மேல் மெல்லிய செங்கல்லைக் குத்தாகக் குறுக்குமூலை வாட்டத்தில் சுண்ணாம்பு வைத்து அடுக்கி, அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து நாள்கணக்கில் தட்டித் தட்டி இறுக்கி, கடைசியில் தட்டையான ஓடு பதித்த தளம் அது. தன் கனத்தையும் நாலு பேர் வடாம் காயவைக்கும் கனத்தையும் தாங்கும், இன்னொரு மாடியைத் தாங்காது. அதனால்தான் இன்ஜினியர் எல்லாவற்றையும் உடைத்துத் தூண் எழுப்பலாம் என்றார். ஆர்க்கிடெக்ட் சொன்னது வேறு. பின்கட்டின் ஓட்டுக்கூரை விழுந்து, 80-களில் சித்தப்பா அங்கே கான்கிரீட் போட்டிருக்கிறார், அந்தப் பகுதியில் இழக்கப் பழையது ஒன்றும் இல்லை. அதன் மேல், பழைய சுவரில் பாரம் ஏற்றாமல், தனி அஸ்திவாரத்தில் நிற்கும் இரும்புச் சட்டத்தில் இரண்டு அறை கட்டுங்கள் என்றார்.

தெருவிலிருந்து அது தெரியுமா என்பது அடுத்த கேள்வி. இதற்கு அவர் கம்ப்யூட்டர் படம் எதுவும் போடவில்லை. பக்கத்து வீட்டுப் பையன்கள் இரண்டு பேரை மாடிக்கு அனுப்பி, புது அறையின் கூரை வரப்போகும் உயரத்துக்கு மூங்கில் கழியில் சிவப்புத் துணி கட்டிப் பிடிக்கச் சொன்னார். நாங்கள் எல்லோரும் எதிர்த் திண்ணையில் நின்று பார்த்தோம். துணி நன்றாகத் தெரிந்தது. நாலடி பின்னால் போகச் சொன்னார், கொஞ்சம் தெரிந்தது. இன்னும் நாலடி, மறைந்துவிட்டது. அந்த எட்டடிதான் இப்போது பிளானில் இருக்கிறது. கோயில் பக்கத்து முனையிலிருந்து பார்த்தால் ஓரம் லேசாகத் தெரியும், அதை அவர் மறைக்கச் சொல்லவில்லை, அலங்காரம் எதுவும் வேண்டாம், மங்கிய நிறம் கொடுங்கள், போதும் என்றார்.

அலங்காரம் என்றதும் அண்ணனுக்கும் அவருக்கும் வாக்குவாதம். கூடத்தில் இருக்கிற பர்மா தேக்குத் தூண்களைப் போலவே ஃபைபரில் வார்த்து மாடி வராந்தாவில் வைக்க வேண்டும் என்பது அண்ணனின் ஆசை. கூடாது என்றார். 1964-இல் வெனிஸில் எழுதிய சாசனத்தில், தவிர்க்க முடியாமல் சேர்க்கிற எதுவும் பழையதிலிருந்து பிரித்துத் தெரிய வேண்டும், தன் காலத்தின் முத்திரையோடு இருக்க வேண்டும் என்று இருக்கிறது, பழையது எது புதியது எது என்று பார்க்கிறவரை ஏமாற்றக் கூடாது என்பதே அதன் பொருள் என்றார். அப்போது அம்மா கேட்டாள்: "ஏம்மா, கோயில்ல திருப்பணின்னா ஸ்தபதி பழைய மாதிரியேதானே செய்யறார், அது ஏமாத்தா?" எனக்கு அது நல்ல கேள்வியாகப் பட்டது. அவரும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார், உட்கார்ந்து நிதானமாகப் பதில் சொன்னார். இன்டாக் 2004-இல் இந்தியாவுக்கென்று, அதுவும் சட்டப் பாதுகாப்பு இல்லாத கட்டடங்களுக்கென்று, ஒரு சாசனம் எழுதியபோது ஜீர்ணோத்தாரணத்துக்கும் (பழுதுபட்ட கோயிலைப் பழைய முறைப்படியே புதுப்பிப்பது) பரம்பரைக் கைவினைஞர்களுக்கும் அதில் இடம் கொடுத்தார்களாம். "செய்யற கை இன்னும் உயிரோட இருந்தா அது வேறம்மா. ஒரு ஆசாரி தேக்குல இழைச்சு அதே மாதிரி தூண் செஞ்சா நான் தடுக்க மாட்டேன். அச்சுல வார்த்துப் பெயின்ட் அடிக்கறது தூண் இல்லை" என்றார். தேக்கின் விலையைக் கேட்டுவிட்டு அண்ணன் சாதாரண இரும்புத் தூணுக்குச் சம்மதித்தான். இடைவெளி மட்டும் கூடத்துத் தூண்களின் இடைவெளியையே பின்பற்றுகிறது. வரைபடத்தில் பார்க்கும்போதே கண்ணுக்கு இதமாக இருக்கிறது.

அளவு என்றால் என்ன என்று புரிய வேண்டுமானால் ராஜாஜி ஹாலைப் போய்ப் பாருங்கள் என்றும் சொல்லியிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை போனோம். கோல்டிங்ஹாம் வடிவமைத்து 1802-இல் முடிந்த மண்டபம், அந்த அகலப் படிக்கட்டு, பக்கத்திலேயே 2010-இல் தலைமைச் செயலகமாகத் திறந்து பிறகு மருத்துவமனையான பெரிய கட்டடம். இரண்டையும் ஒரே பார்வையில் பார்க்கும்போது, ஒன்றின் பக்கத்தில் எவ்வளவு பெரிதாக இன்னொன்றை வைக்கிறோம் என்பதே முதலில் கண்ணில் படுகிறது, நிறமும் அலங்காரமும் அதற்கு அப்புறம்தான்.

முற்றத்தைப் பற்றி அறிக்கையில் இரண்டு பக்கம் இருக்கிறது. சுருக்கமாகச் சொன்னால், ஷீட்டால் நேராக மூடினால் வீட்டின் சூடு வெளியேற வழியில்லை, மூடியே ஆக வேண்டுமானால் கூரையிலிருந்து இரண்டடி உயர்த்தி நாலு பக்கமும் காற்று போக விடுங்கள் என்கிறது. ஓதம் ஏறி உப்புப் பூக்கிற சுவர்களுக்கும் காரணம் கிடைத்தது. சுண்ணாம்புக் காரை பூசிய சுவரில் ஏறுகிற ஈரம் காற்றில் வெளியேறிவிடும். நாங்கள் 90-களில் அதன் மேல் மூன்றடிக்கு சிமென்ட் பூசியிருந்தோம், ஈரம் உள்ளேயே அடைபட்டு மேலே ஏறிவிட்டது. சிமென்டைக் கொத்தி எடுத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த நீரில் குழைத்த சுண்ணாம்பு பூசச் சொல்லியிருக்கிறார்கள், மேலே எமல்ஷன் வேண்டாம், வெள்ளையடித்தால் போதுமாம்.

இனி குறைகள். மூன்று வாரம் என்றார்கள், ஆறு வாரம் ஆனது, இரண்டு தடவை நானே போன் போட்டுக் கேட்க வேண்டியிருந்தது. 22 பக்க அறிக்கை முழுக்க ஆங்கிலம். வேலை செய்யப்போவது மேஸ்திரி, வீட்டில் இருக்கப்போவது அம்மா, இரண்டு பேருக்கும் அதில் ஒரு வரி புரியாது. மேஸ்திரிக்காக இரவு உட்கார்ந்து நாலு பக்கம் நானே தமிழில் எழுதிக் கொடுத்தேன். திருவல்லிக்கேணியில் வேலை செய்கிறவர்கள் அதை அவர்களே செய்ய வேண்டும். எதற்கு எவ்வளவு செலவாகும் என்று ஒரு குத்துமதிப்புகூடக் கிடையாது. சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் ஒரே ஒருவரின் எண் கொடுத்தார்கள், அவர் ஒரு கோயில் வேலையில் மாட்டிக்கொண்டு ஐப்பசிக்கு மேல்தான் வர முடியும் என்கிறார்.

இதைவிடப் பெரிய வருத்தம் கழிப்பறை விஷயம். முதல் அறிக்கையில், கூடத்தின் அமைப்பு கெடும் என்று சொல்லிக் கழிப்பறையைப் பின்கட்டுக்குத் தள்ளிவிட்டார்கள். ராத்திரி எழுபத்தெட்டு வயது அம்மா முற்றத்தைச் சுற்றி ஈரத்தரையில் நடந்து போக வேண்டும். இது தவறு, வீடு அங்கே வாழ்கிறவர்களுக்காகத்தான் என்று நான் கோபமாகவே எழுதினேன். அவர் அடுத்த நாளே வந்தார், அம்மா நடப்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தார், மாற்றிக் கொடுத்தார். கூடத்தை ஒட்டிய பழைய சாமான் அறைக்குள்ளேயே கழிப்பறை, சுவர் எதையும் இடிக்காமல், குழாய்கள் பக்கச் சந்து வழியாக வெளியே. அதற்குத் தனியாகக் காசு கேட்கவில்லை. முதலிலேயே அம்மாவிடம் பேசியிருந்தால் இது நடந்திருக்காது.

இவர்களை மாதிரி யாரையாவது தேடிப் போகிறவர்கள் இன்ஜினியர் பிளான் போடுவதற்கு முன்பே போங்கள். நாங்கள் இரண்டு தடவை பிளானுக்குக் காசு கொடுத்தோம். பழைய பத்திரம், பழைய கல்யாணப் போட்டோக்கள் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். எங்கள் அத்தை கல்யாணப் போட்டோவில் திண்ணைக்கு மேலே இருந்த மரத் தட்டி தெரிந்தது, அது எப்போது கழன்றது என்று வீட்டில் யாருக்கும் நினைவில்லை, இப்போது அதைத் திரும்ப மாட்டப் போகிறோம்.

பின்கட்டில் அஸ்திவாரம் தோண்டியாகிவிட்டது. ஜன்னல் சட்டங்கள் வந்ததும், மாட்டுவதற்கு முன் ஒரு தடவை வந்து அளவு பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். அந்த வருகைக்கு மட்டும் 3,000 ரூபாய் தனி.