உடற்பயிற்சிக்குத் துணை தேடித் தரும் சேவைகள்: எது உதவியது, எது உதவவில்லை

கூட வர ஒரு ஆள் கிடைத்தால் தவறாமல் நடப்பேன், ஓடுவேன் என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். அக்கம்பக்கத்தில் துணை தேடித் தருகிற சேவைகள் சிலவற்றைப் பயன்படுத்தியிருக்கிறேன், அவற்றுக்குள் வித்தியாசம் நிறைய.

துணை தேடுவதற்கென்றே வந்த ஒரு செயலியை முதலில் சொல்லிவிடுகிறேன். படம், வயது, பிடித்த பயிற்சி என்று எல்லாம் கேட்கிறது. எத்தனை மணிக்கு வர முடியும், வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் வருவீர்கள், ஒரு கிலோமீட்டரை எத்தனை நிமிடத்தில் கடப்பீர்கள் என்பதைத்தான் கேட்பதில்லை, ஆனால் துணை நிலைப்பதே இந்த மூன்றும் ஒத்துப்போவதில்தான் இருக்கிறது. 'அருகில்' என்று காட்டும் ஆள் ஊரின் மறுகோடியில் இருக்கிறார். அரட்டை நன்றாகத்தான் போகும், நாள் குறிக்கிற இடத்தில் நின்றுவிடும். பெண்கள் தங்களுக்குப் பெண் துணையை மட்டும் தேடும் வசதியைக் கட்டணம் கட்டினால்தான் தருகிறார்கள். இது எனக்குப் பிடிக்கவே இல்லை, பாதுகாப்புக்குத் தனியாகக் காசு கேட்கக் கூடாது.

ஸ்ட்ராவா என்ற செயலி வேறு வகை. ஓடியதையும் மிதிவண்டி ஓட்டியதையும் பதிவு செய்யத்தான் அது, ஆனால் அதில் உள்ளூர்க் குழுக்கள் உண்டு. ஏற்கெனவே கிடைத்த துணையை விட்டுவிடாமல் இருக்க அருமையான கருவி. நீங்கள் ஓடவில்லை என்பது நண்பருக்குத் தெரியும் என்பதே காலையில் எழுப்பிவிடும். புதிதாக ஆள் தேட அவ்வளவு உதவாது. ஒரு எச்சரிக்கையும் உண்டு. பயனர்கள் ஓடிய பாதைகளைச் சேர்த்து அது வெளியிட்ட உலக வரைபடத்தில் ராணுவ முகாம்களின் ஓட்டப் பாதைகளே தெரிகின்றன என்று 2018 தொடக்கத்தில் பெரிய செய்தியானது. ஆகவே உங்கள் வீட்டு வாசலில் தொடங்கும் பகுதியை மறைக்கும் அமைப்பை முதல் நாளே போட்டுவிடுங்கள்.

என் ஓட்டு பார்க்ரன் என்ற பூங்கா ஓட்டத்துக்குத்தான். 2004 அக்டோபரில் லண்டனின் புஷி பூங்காவில் 13 பேர் ஓடித் தொடங்கியது, இன்று பல நாடுகளில் நடக்கிறது. வாரம் ஒருமுறை, பெரும்பாலும் சனிக்கிழமை காலை, 5 கிலோமீட்டர், கட்டணம் கிடையாது. ஒருமுறை பதிவு செய்து பார்கோடு வாங்கிக்கொண்டால் போதும். நடந்தே முடிக்கலாம். எல்லோருக்கும் பின்னால் வரவென்றே ஒரு தன்னார்வலர் இருப்பார், அதனால் கடைசி ஆளாக வந்து நிற்கும் கூச்சம் யாருக்கும் இல்லை. இடமும் நேரமும் மாறாததால் அதே முகங்களை மறுபடி மறுபடி பார்க்கிறீர்கள், நம் வேகத்திலேயே பக்கத்தில் வருபவரோடு தானாகப் பேச்சு தொடங்கும், அப்புறம் செவ்வாய், வியாழன் நடைக்கும் அவரே கிடைப்பார். எந்தச் செயலியும் எனக்கு இப்படிப் பொருத்தம் பார்த்துத் தரவில்லை.

வேகம் ஒத்துப்போவதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 1920களில் ஓட்டோ கோலர் என்ற ஜெர்மானிய உளவியலாளர், இருவராகச் சேர்ந்து உழைக்கும்போது வலுக்குறைந்தவர் தனியாக இருப்பதைவிட அதிக நேரம் தாக்குப்பிடிக்கிறார் என்று பார்த்தார். இருவருக்கும் இடைவெளி ரொம்பப் பெரிதானால் அந்தப் பலன் குறைந்துவிடுகிறது. ஆக, நம்மைவிடச் சற்றே தேறியவர்தான் சரியான ஜோடி. பேச்சுத் துணைக்கு இன்னொரு லாபமும் இருக்கிறது: பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் அது மிதமான உழைப்பு. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரம் குறைந்தது 150 நிமிடம் கேட்பது இந்த அளவு உழைப்பைத்தான்.

பார்க்ரன் பக்கத்தில் இல்லையென்றால், நேரமும் இடமும் மாறாத ஏதாவது இலவச நடைக் குழுவைத் தேடுங்கள். செயலியில்தான் தேடப்போகிறீர்கள் என்றால், முதல் செய்தியிலேயே "எத்தனை மணிக்கு, எந்தப் பூங்காவில்?" என்று கேட்டுவிடுங்கள். முதல் சந்திப்பை ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில், வெளிச்சத்தில் வையுங்கள், எங்கே போகிறீர்கள் என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.