அலமாரிக்குள் ஒரு குண்டு பல்பு

கோத்தகிரியில் புத்தகம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேலை கூடுதல். மூடுபனி வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டால் அட்டையில் பூசணம், தாளில் பழுப்புப் புள்ளி. அப்பா கண்ணாடி அலமாரிக்குள் சின்னக் குண்டு பல்பு ஒன்றை எரியவிட்டுத்தான் கலைக்களஞ்சியத்தைக் காப்பாற்றினார். பெரியசாமித் தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு தமிழ் வளர்ச்சிக் கழகம் வெளியிட்டது. தேயிலைத் தொழிற்சாலைக் கணக்கரின் சம்பளத்தில் பழைய புத்தகக் கடையில்தான் வாங்க முடிந்தது. பத்துத் தொகுதி என்றார்கள். வீட்டுக்கு வந்து அடுக்கினால் ஒன்பது. ஆறாவதைக் காணோம்.

முப்பது வருடம் அதைப் புரட்டியிருக்கிறேன். முதல் தொகுதி வந்தது 1954இல், மொழிவாரி மாநிலங்கள் அமைவதற்கே இரண்டு வருடம் முன்னால். அதனால் மாவட்டம், மக்கள்தொகை என்று தேடினால் ஏமாற்றம்தான். ஆனால் இயற்பியலையும் தாவரவியலையும் தமிழில் எப்படிச் சொல்வது என்று நான் கற்றது அங்கேதான்.

2013இல் ஸ்மார்ட்போன் வந்தது. பிரிட்டானிக்காவே அச்சை நிறுத்துவதாக அறிவித்து அப்போது ஒரு வருடம் ஆகியிருந்தது. அதிலிருந்து எனக்குத் தமிழ் விக்கிப்பீடியாதான். கட்டுரைகள் ஒரே தரமில்லை; சில நான்கு வரியோடு நின்றுவிடும். இருந்தாலும் வரலாறு என்ற பக்கத்தைத் திறந்தால் யார், எப்போது, எந்த வரியை மாற்றினார்கள் என்று தெரிகிறது. அச்சில் இந்த வசதி கிடையாது. ஐப்பசி மழையில் டவர் போய்விடும். அதற்கு கிவிக்ஸ் செயலியில் முழுத் தமிழ் விக்கிப்பீடியாவையும் இறக்கி வைத்திருக்கிறேன். நெட் இல்லாமலே படிக்கலாம். மலையில் இருப்பவர்கள் முதலில் செய்ய வேண்டியது இதுதான்.

வேறொரு தளத்தில், நீலகிரி முழுவதற்கும் தென்மேற்குப் பருவமழைதான் பெருமழை என்று எழுதியிருந்தார்கள். கூடலூருக்குச் சரி, எங்கள் பக்கம் ஐப்பசி கார்த்திகையில் கொட்டுவதை யார் கணக்கில் எடுப்பது? எழுதிக் கேட்டேன். அச்சிட்ட சான்று வேண்டும் என்றார்கள். ஐம்பது வருடமாக நனைந்தது செல்லாதாம்!

சரி என்று அலமாரியைத் திறந்தேன். நீலகிரியைத் தேடி ஒன்பதையும் புரட்டியாயிற்று, இல்லை. அப்படியென்றால் அந்த ஆறாவதில்தான் இருக்க வேண்டும். கடைசியில் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் கலைக்களஞ்சியம் கிடைத்தது. அப்பா தேடி அலைந்த தொகுதியைக் கைப்பேசியில் பெரிதாக்கிப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

மற்ற ஒன்பதும் அலமாரியிலேயே இருக்கின்றன. போன மாதம் பல்பு ஃபியூஸ் போனது. கடையில் எல்லாமே எல்இடி. அதில் வெளிச்சம் வரும், சூடு வராது. குன்னூரில் ஒரு கடையில் பழைய இருப்பு இருக்கிறதாம், போய்ப் பார்க்க வேண்டும்.