வகுப்பறை, களம், ஆக்ஸிலரேட்டர், மென்டர்: தொழில்நுட்ப நிறுவனர்களுக்குத் தொழில்முனைவை எங்கே கற்பிப்பது?

மென்பொருள் எழுதத் தெரிந்தவர், மின்சுற்று வடிவமைக்கத் தெரிந்தவர், ஆய்வகத்தில் புதிய பொருளொன்றைக் கண்டறிந்தவர் எனத் தொழில்நுட்பப் பின்னணியிலிருந்து நிறுவனம் தொடங்க வருகிறவர்களிடம் பொதுவான குறை ஒன்று உண்டு. உருவாக்குவது அவர்களுக்குக் கைவந்த கலை. அதனாலேயே, அது யாருக்குத் தேவை என்ற கேள்வியைத் தள்ளிப்போட்டுக்கொண்டு, இன்னும் ஒரு வசதியைச் சேர்ப்பதிலேயே மாதங்களைக் கழித்துவிடுவார்கள். இவர்களுக்குத் தொழில்முனைவின் அடிப்படைகளைக் கற்பிக்க நான்கு வழிகள் இன்று போட்டியிடுகின்றன: வகுப்பறைப் பாடம், வாடிக்கையாளர்களைத் தேடிப் போகவைக்கும் களப்பயிற்சி, புதிய நிறுவனங்களுக்குச் சில மாதங்கள் பணமும் பயிற்சியும் தந்து ஈடாகப் பங்கு பெறும் ஆக்ஸிலரேட்டர், அனுபவசாலியான மென்டரின் வழிகாட்டல். எது சிறந்தது என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் பயனில்லை. கற்க வேண்டியவற்றுள் ஏற்கெனவே விடை உள்ளவை எவை, விடையை நிறுவனரே போய்த் தேடிக் கொண்டுவர வேண்டியவை எவை என்று முதலில் பிரித்துக்கொண்டால், ஒவ்வொரு வழிக்கும் உரிய இடம் தெரியவரும்.

வகுப்பறையே இவற்றுள் மூத்தது. ஹார்வர்டு வணிகப் பள்ளியில் 1947-இல் மைல்ஸ் மேஸ் நடத்திய பாடத்தையே தொழில்முனைவுக் கல்வியின் தொடக்கமாகப் பலர் குறிப்பிடுகிறார்கள். அதன்பின் பல பத்தாண்டுகளுக்கு இந்தக் கல்வியின் நடுநாயகமாக இருந்தது வணிகத் திட்ட அறிக்கை. சந்தையின் அளவு, ஐந்தாண்டு வருவாய்க் கணிப்பு, போட்டியாளர் பட்டியல் ஆகியவற்றை அழகாக எழுதிக் கொடுத்தவருக்கு நல்ல மதிப்பெண் கிடைத்தது. ஒரு வாடிக்கையாளர்கூட இல்லாத நிறுவனத்தின் ஐந்தாம் ஆண்டு வருவாயைக் கணக்கிடுவது கற்பனைப் பயிற்சியாக இருக்கலாமே தவிர, கணக்குப் பயிற்சி ஆகாது. ஏறத்தாழ 1,500 சிறு தொழில்களை வைத்து டோகோ நாட்டில் நடந்து, 2017-இல் வெளியான ஓர் ஆய்வு இந்த ஐயத்துக்கு வலுச் சேர்க்கிறது. கணக்கு வைப்பு, சந்தைப்படுத்தல் போன்ற வழக்கமான பாடங்களைப் படித்த குழுவின் லாபத்தில், புள்ளியியல் நோக்கில் உறுதியாகச் சொல்லத்தக்க உயர்வு இல்லை. தானாக முன்வந்து வாய்ப்பைத் தேடும் மனப்பழக்கத்தில் பயிற்சி பெற்ற குழுவின் லாபமோ 30 சதவீதம் உயர்ந்தது. அவை சிறு வணிகங்கள், தொழில்நுட்ப நிறுவனங்கள் அல்ல என்பதால் முடிவை அப்படியே இங்கே பொருத்திவிட முடியாது.

ஆனால் வகுப்பறையை முற்றிலும் ஒதுக்குவோரோடும் எனக்கு உடன்பாடு இல்லை. பங்குப் பிரிப்பு, புதிய முதலீடு வரும்போது நிறுவனரின் பங்கு கரைதல், பங்கு ஆண்டுகள் செல்லச் செல்லப் படிப்படியாக உரிமையாகும் வெஸ்டிங், ஒரு வாடிக்கையாளரைப் பிடிக்க ஆகும் செலவுக்கும் அவரால் கிடைக்கும் வருவாய்க்கும் உள்ள உறவு ஆகியவை எல்லாம் சரியான விடை உள்ள பாடங்கள். இவற்றை அனுபவத்தில் கற்பது மிக விலையுயர்ந்த கல்வி. சமபங்குள்ள இருவர் தொடங்கிய ஒரு நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். ஆக்ஸிலரேட்டருக்கு 7 சதவீதம் போகிறது. பிறகு ஒருவர், நிறுவனத்தின் மதிப்பை 1 கோடி டாலருக்கு மேல் கணக்கிடக் கூடாது என்ற உச்சவரம்புடன், பின்னாளில் பங்காக மாறும் ஒப்பந்தத்தின்பேரில் 5 லட்சம் டாலர் கொடுக்கிறார். அது 5 சதவீதம். ஆக்ஸிலரேட்டர் அதே வகை ஒப்பந்தத்தில் கூடுதலாகக் கொடுத்திருந்த 3,75,000 டாலருக்கும் அதே வரம்பு பொருந்துமானால், இன்னொரு 3.75 சதவீதம் போகும். நிறுவனர்களிடம் எஞ்சுவது 84.25. அடுத்த முதலீட்டுச் சுற்றில் 20 சதவீதம் விற்றால் அது 67.4 ஆகிறது, அதாவது ஆளுக்கு 33.7. ஊழியர்களுக்கான பங்கு ஒதுக்கீட்டை இதில் சேர்க்கவே இல்லை. இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போட்டுக்காட்ட அரை மணி நேரம் போதும். கையெழுத்திட்ட பிறகு கற்றுக்கொண்டால் திருத்த வழி இருக்காது.

களப்பயிற்சிக்கு இன்று பரவலாக அறியப்பட்ட வடிவம் 2011-இல் உருவானது. அந்த ஆண்டு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில், தொழில்முனைவராக இருந்து ஆசிரியரான ஸ்டீவ் பிளாங்க் தொடங்கிய பாடத்தை, அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளை அதே ஆண்டில் எடுத்துக்கொண்டு, ஐ-கோர் என்ற திட்டமாக ஆராய்ச்சியாளர்களுக்கு வழங்கத் தொடங்கியது. தொழில்முனைவுப் பொறுப்பாளர், தொழில்நுட்பப் பொறுப்பாளர், துறை அனுபவமுள்ள மென்டர் என அமையும் அணி, ஏழு வாரங்களில் குறைந்தது 100 பேரை நேர்காணல் செய்ய வேண்டும். வாரத்துக்கு 14 அல்லது 15 நேர்காணல்கள் என்பது ஆய்வகத்தை விட்டு வெளியே வராமல் செய்யக்கூடிய காரியம் அல்ல. திட்டத்தின் நோக்கமே அந்த வெளியே வருதல்தான். ஒவ்வொரு வாரமும் அணி தன் ஊகங்களை எழுதி வைக்கிறது, அவற்றுள் எது உடைந்தது என்று சொல்கிறது, ஆசிரியர்கள் குறுக்குக் கேள்வி கேட்கிறார்கள். இங்கே கற்பிக்கப்படும் நுட்பம் பார்வைக்கு எளியது: "இப்படி ஒரு பொருள் வந்தால் வாங்குவீர்களா?" என்று கேட்கக் கூடாது, "கடைசியாக இந்தச் சிக்கல் வந்தபோது என்ன செய்தீர்கள், அதற்கு எவ்வளவு செலவானது?" என்று கேட்க வேண்டும். முதல் கேள்விக்கு மரியாதைக்காக ஆம் என்று சொல்லிவிடுவார்கள். இரண்டாவது கேள்விக்கு, சிக்கல் உண்மையாக இல்லாதவரிடம் விடையே இருக்காது. நிரலில் பிழை தேடுவதற்குப் பழகிய மூளை இந்த முறையை விரைவில் பிடித்துக்கொள்ளும்.

இதற்குச் சான்றும் உண்டு. இத்தாலியில் 116 புதிய நிறுவனங்களைக் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரித்து நடத்தி, 2020-இல் வெளியான ஆய்வில், இரு குழுக்களும் ஒரே பாடங்களைப் படித்தன. ஒரு குழுவுக்கு மட்டும், அறிவியலாளரைப் போல ஊகத்தை முன்கூட்டியே எழுதிக் கடுமையாகச் சோதிக்கும் முறை கூடுதலாகக் கற்பிக்கப்பட்டது. அந்தக் குழு மேம்பட்ட விளைவைக் கண்டது. தன் யோசனையை வேறொன்றுக்கு மாற்றிக்கொள்ளவும் அதிகம் முன்வந்தது.

களப்பயிற்சி பொருந்தாத இடமும் உண்டு. தீராத நோய்க்கு மருந்து கண்டுபிடிக்க முயலும் குழுவுக்குத் தேவை இருக்கிறதா என்ற ஐயமே கிடையாது. மருந்து வேலை செய்யுமா என்பதே கேள்வி, அதற்கு 100 நேர்காணல்கள் விடை தரா. அங்கேகூட, யார் பணம் கொடுப்பார், ஒப்புதல் எந்த வழியில் வரும் என்பவற்றைக் கேட்டறியலாம். எண்ணிக்கையை நிரப்புவதற்காக நண்பர்களையும் முன்னாள் சக ஊழியர்களையும் நேர்காணல் செய்வது இன்னொரு நோய்.

ஆக்ஸிலரேட்டரின் தன்மை வேறு. 2005-இல் தொடங்கிய ஒய் காம்பினேட்டர், மறு ஆண்டில் நிறுவப்பட்ட டெக்ஸ்டார்ஸ் ஆகியவற்றைப் பின்பற்றி உலகெங்கும் இவை பெருகின. ஏறத்தாழ மூன்று மாதங்கள், ஒரே சமயத்தில் சேர்ந்த பல குழுக்கள், இறுதியில் முதலீட்டாளர்கள் முன் டெமோ டே என்பது பொது வடிவம். ஒய் காம்பினேட்டர் 2022 முதல் 7 சதவீதப் பங்குக்கு 1,25,000 டாலரும், மேலே கணக்கில் கண்ட வகையில் 3,75,000 டாலரும் தருகிறது. ஆனால் அதே அமைப்பு தன் பாடங்களின் பெரும்பகுதியை ஸ்டார்ட்-அப் ஸ்கூல் வழியாக இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. அப்படியானால் அந்த 7 சதவீதம் பாடத்துக்கான கட்டணம் ஆகாது. பணம், அறிமுகங்கள், பெயர், சக குழுக்கள் தரும் நெருக்கடி ஆகியவற்றின் விலை அது. அங்கே பயின்றவர்கள் வென்றதைக் காட்டிப் பயிற்சியைப் புகழ்வதிலும் எச்சரிக்கை வேண்டும், ஏனெனில் விண்ணப்பித்தவர்களுள் மிகச் சிலரையே பொறுக்கி எடுத்துவிட்டுத்தான் கற்பித்தல் தொடங்குகிறது. என்ன செய்வதென்றே தெளியாத குழு இதில் நுழைந்தால், மூன்று மாதங்களும் டெமோ டே பேச்சை மெருகேற்றுவதிலேயே போய்விடும்.

மென்டர் வழி மிக மலிவானது, தரத்தில் மிகவும் ஏறியிறங்குவதும் அதுவே. ஒரே ஒருவரின் அறிவுரை பெரும்பாலும் அவர் வாழ்ந்த சந்தையின் வரலாறாகவே இருக்கும். அமெரிக்காவின் எம்.ஐ.டி. 2000-இல் தொடங்கிய மென்டர் சேவை இதை உணர்ந்து, பல மென்டர்களை ஒன்றாக அமரவைத்து நிறுவனரோடு பேசவைக்கிறது. அவர்கள் ஒருவரோடொருவர் முரண்படுவதைக் கேட்கும்போது, தீர்மானம் தன்னுடையது என்பதை நிறுவனர் உணர்கிறார். ஆரம்பச் சந்திப்பிலேயே பங்கு கேட்கும் மென்டரைத் தவிர்ப்பது நலம்.

இருவர் சேர்ந்து தொடங்கும் ஒரு குழுவுக்கு மூன்று மாதங்கள் கையில் இருந்தால் நான் பரிந்துரைக்கும் வரிசை இது. முதல் வாரத்தில் இரண்டு நாள் வகுப்பு. அதன் முடிவில், நான்காண்டு வெஸ்டிங்கும், ஓராண்டுக்குள் விலகுபவருக்குப் பங்கில்லை என்ற விதியும் அடங்கிய ஒப்பந்தத்தில் இருவரும் கையெழுத்திட வேண்டும். அடுத்த ஏழு வாரங்கள் களம். அந்தக் காலத்தில் புதிய வசதி எதையும் பொருளில் சேர்க்கக் கூடாது, வாரம் ஒருமுறை இரண்டு மென்டர்கள் முன் உடைந்த ஊகங்களை மட்டும் சொல்ல வேண்டும். ஆக்ஸிலரேட்டருக்கு விண்ணப்பம் எழுதுவது, முன்பின் அறியாத ஒருவராவது பணம் கொடுத்த பிறகு.