வரிசையை எங்கே பிடிப்பது: மலைக்கு அப்பாலா, ஓடுபாதை வாசலிலா?

1974 டிசம்பர் 4 அன்று மஸ்கெலியாப் பக்கம் ஏழு கன்னியர் மலையில் மார்ட்டின்ஏர் டிசி-8 மோதி 191 பேர் மாண்டார்கள். கொழும்புக்கு அருகிலுள்ள கட்டுநாயக்க விமானநிலையம் நெருங்கிவிட்டது என்று விமானிகள் நினைத்தார்கள். கீழே இருந்ததோ மலை. ஆகவே விமான வரவை ஒழுங்குபடுத்தும் எந்தக் கருவியையும் மலையகத்தில் நின்று பார்ப்பவர் கேட்கவேண்டிய முதல் கேள்வி: தாமதத்தை, அதாவது இறங்கும் முறை வரும்வரை காத்திருக்கும் நேரத்தை, எந்த உயரத்தில் கழிக்கச் சொல்கிறது?

கட்டுப்பாட்டாளருக்கு ஆலோசனை சொல்லும் கணினிக் கருவிகளில், நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்தில் உருவான இரண்டை எடுத்துக்கொள்வோம்.

டிராஃபிக் மேனேஜ்மென்ட் அட்வைசர் ஒவ்வொரு விமானத்துக்கும் இறங்கும் நேரத்தைத் தொலைவிலேயே குறித்துவிடும். 200 கடல் மைலை 450 நொட்டில் (மணிக்கு 450 கடல் மைல்) கடக்க 26.7 நிமிடம், 420 நொட்டில் 28.6. உயரத்தைத் தொடாமலே ஏறக்குறைய இரண்டு நிமிடம் கழிந்துவிடும். நான்கு நிமிடம் கழிக்க வேகம் மட்டும் போதாது, வட்டமிடவோ பாதையை நீட்டவோ வேண்டும். அதையும் மலைக்கு வெகு மேலேயே முடிவு செய்யலாம்.

பலவீனமும் உண்டு. காற்றுக் கணிப்பு 10 நொட் பிசகினால் அதே தூரத்தில் 40 விநாடி நழுவும். வரிசையை 200 மைலில் உறையவைத்தால், அதாவது அதற்குமேல் மாற்றாமல் நிலைநிறுத்தினால், சுமார் 190 மைலில் உள்ள மதுரையிலிருந்து கிளம்பும் விமானம் உறைந்த வரிசைக்குள்ளேயே முளைக்கும். அதற்கு முன்கூட்டியே இடம் விடாவிட்டால் பின்னால் வருபவை எல்லாம் தள்ளிப்போகும்.

ஃபைனல் அப்ரோச் ஸ்பேசிங் டூல் கடைசி 40 மைலளவில் வேலை செய்வது. 1996இல் டல்லஸ்-ஃபோர்ட்வர்த்தில் சோதித்த வடிவம் ஓடுபாதையையும் வரிசை எண்ணையும் மட்டும் சொன்னது. முழு வடிவம் திசை, வேகமும் சொல்லும். பல ஓடுபாதை உள்ள நிலையத்துக்கு அது வரம். கட்டுநாயக்கவில் ஓடுபாதை ஒன்றுதான், பாதிப் பயன் அங்கேயே போய்விடுகிறது. அந்தக் கட்டத்தில் தாமதம் கழிக்க முக்கிய வழி விமானத்தைத் திருப்பிப் பாதையை நீட்டுவதுதான், விமானமோ ஏற்கெனவே தாழ்ந்திருக்கும். இலங்கையின் மிக உயர்ந்த மலையான 2,524 மீற்றர் பீதுருதாலகால ஏறக்குறைய 8,280 அடி. மலைப்பகுதிக்கான 2,000 அடி இடைவெளியைக் கூட்டினால் அதன்மேல் 10,300 அடிக்குக் கீழே வரக்கூடாது. கிழக்கே நீட்டிய ஒரு திருப்பம் குறைந்தபட்ச உயரத்தை மீறுகிறதா என்று கட்டுப்பாட்டாளர் தன் கண்ணால் பார்த்தே ஆகவேண்டும்.

கடைசி இடைவெளியைக் கச்சிதமாக்குவதில் இதுவே மேல். இரண்டு கனரக விமானங்களுக்கிடையே 4 மைல் என்றால் 140 நொட்டில் 103 விநாடி. 20 நொட் எதிர்க்காற்றில் 120. அந்த 17 விநாடியை முதல் கருவி தராது.

ஆனாலும் கிழக்கிலிருந்து வரும் விமானங்களுக்கு முதல் கருவியைத்தான் முதலில் வாங்கவேண்டும். மதுரை விமானத்துக்கு, அது இயந்திரத்தை இயக்க அனுமதி கேட்கும்போதே வரிசையில் ஓர் இடத்தை ஒதுக்கவேண்டும்.