தூக்கத்திலிருந்து எழும்பாத லப்டொப்பும் என் 28,500 ரூபாவும்

28,500 ரூபா. அது எதற்குப் போனது என்று நேற்றிரவு எட்டரை மணிக்குத்தான் எனக்குத் தெரிந்தது. ஒன்றுக்குமே இல்லை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். திருகோணமலையில் பழைய லப்டொப்பை வைத்துச் சமாளிக்கிற ரீச்சர்மார், கந்தோர் வேலைக்காரர், கம்பஸ் பிள்ளைகள் தயவுசெய்து முழுவதும் வாசியுங்கள். என்ன செய்யலாம் என்பதைக் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

நான் உப்புவெளிப் பக்கம் இருக்கிறேன், தரம் 10 பிள்ளைகளுக்குப் புவியியல் படிப்பிக்கிறேன். லப்டொப் ஆறு வருடத்துக்கு முன் அண்ணா அனுப்பியது. மூடினால் தூங்கும், திறந்தால் எழும்பும், ஒரு நாளும் கரைச்சல் தந்ததில்லை. போன மாதம் விண்டோஸ் ஒரு பெரிய அப்டேட் போட்டது. அதற்குப் பிறகுதான் எல்லாம் தொடங்கியது. மூடியைத் திறந்தால் பவர் லைட் எரிகிறது, உள்ளே ஃபேன் சுற்றுவது கேட்கிறது, திரை மட்டும் கறுப்பு. மவுஸை அசைத்தேன், கீ எல்லாவற்றையும் தட்டினேன், பவர் பட்டனை ஒருதரம் அமத்திவிட்டு எடுத்தேன். அசைவே இல்லை. பற்றரி முழுதாக இறங்கும்வரை அப்படியே விட்டு, காலையில் சாஜர் போட்டால் ஒன்றும் நடக்காதது போல வந்தது. இப்படி இரண்டு முறை. மூன்றாவது முறை தவணைப் பரீட்சை வினாத்தாள் பாதியில் இருந்தது. பயந்துபோய் டவுனுக்குக் கொண்டு ஓடினேன்.

லப்டொப், போன் எல்லாம் திருத்துகிற ஒரு கடை. பெயர் போடவில்லை. போட்டால் பெயரைப் பிடித்துக்கொண்டு சண்டைக்கு வருவார்கள், விஷயம் அதோடு போய்விடும்.

உள்ளே போனதும் கடைக்காரத் தம்பி எழும்பி நின்றார். "ரீச்சர், நீங்க எங்கட தங்கச்சிக்குப் படிப்பிச்சனீங்கதானே?" அவர் சொன்ன பெயர் எனக்கு நல்ல நினைவு. கதிரை வந்தது, பிளேன்டீ வந்தது. அவர் லப்டொப்பைத் திறந்து கறுப்புத் திரையைப் பார்த்தார். பக்கத்தில் காதை வைத்துக் கேட்டார். பிறகு, "ரீச்சர் கடலுக்குக் கிட்டவா இருக்கிறீங்க?" என்றார். ஓம் என்றேன்.

"அதுதான். உப்புக்காத்து மதர்போர்டைத் திண்டிட்டுது. இஞ்ச வாற லப்டொப்புல பாதிக்கு இதுதான் வருத்தம்."

நான் விழுந்தது இந்த இடத்தில்தான். எங்கள் வீட்டு யன்னல் கம்பிக்கு வருடாவருடம் பெயின்ற் அடிக்கிறோம். கேற்றுப் பிணைச்சல் இரண்டு தரம் மாற்றியாயிற்று. ஃபிரிட்ஜின் பின்பக்கம் துருப்பிடித்து ஓட்டை விழுந்து கிடக்கிறது. உப்புக்காற்று என்றால் இந்த ஊரில் யார் நம்பமாட்டார்கள்? எனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றைச் சொன்னபடியால், தெரியாததையும் சேர்த்து நம்பிவிட்டேன். அவர் ஒரு ஸ்குரூ டிரைவரைக்கூடக் கையில் எடுக்கவில்லை என்பது அப்போது கண்ணில் படவேயில்லை.

புது போர்ட் என்றால் அறுபதாயிரத்துக்கு மேல் போகும், கொழும்புக்கு அனுப்பி சிப் மாற்றி எடுத்தால் 28,500 என்றார். 15,000 முற்பணம் கொடுத்தேன். மகளின் கண்ணாடிக்கும் ரியூஷனுக்கும் என்று ஒதுக்கி வைத்திருந்த சீட்டுக்காசு அது. பில் கேட்டேன். "புத்தகம் முடிஞ்சுது ரீச்சர், எடுக்க வரேக்க எழுதித் தாறன்" என்று கடையின் விசிட்டிங் காட்டின் பின்பக்கத்தில் "15" என்று மட்டும் எழுதித் தந்தார். செக் பண்ண வேண்டுமாம் என்று பாஸ்வேர்டையும் கேட்டார், அதையும் சொல்லிவிட்டேன். பிள்ளைகளின் புள்ளிகள், வீட்டுப் படங்கள், அடையாள அட்டை ஸ்கேன் எல்லாம் அதற்குள்தான் இருந்தது. வீட்டுக்கு வந்ததும் இவர் கேட்ட முதல் கேள்வி, "பில் எங்க?" "தெரிஞ்ச பொடியன்தானே" என்றேன்.

பன்னிரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டார்கள். என் முன்னால் போட்டுக் காட்டினார்கள், வேலை செய்தது. மிச்சம் 13,500 கொடுத்தேன். மூடி வைத்து, பத்து நிமிடம் பொறுத்துத் திறந்து பார்க்க எனக்குத் தோன்றவில்லை. பில் புத்தகம் அன்றும் வரவில்லை.

மூன்றாம் நாள் பின்னேரம் மூடியைத் திறக்கிறேன், அதே கறுப்பு.

போன் எடுத்தேன். கரண்ட் ஏற்ற இறக்கமாக இருக்கும் என்றார். அடுத்த நாள், சாஜர் ஒரிஜினல் இல்லைப் போல என்றார். அண்ணா லப்டொப்போடு அனுப்பிய அதே சாஜர்! அதற்கடுத்து, கொழும்புப் பொடியனிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். பிறகு போன் எடுப்பதே இல்லை. வட்ஸ்அப்பில் நீலக் குறி விழும், பதில் வராது. நேரில் போனால் கவுண்டரில் நின்ற பிள்ளை, "அண்ணா மூதூருக்குப் போயிட்டார்" என்றது. அவருடைய மோட்டார் சைக்கிள் வாசலில் நின்றது. இரண்டு நாள் கழித்து மறுபடி போனேன். இந்தமுறை ஆள் இருந்தார், ஆனால் கதிரையை விட்டு எழும்பவில்லை. "ரீச்சர், முதல் செய்தது போர்ட். இது டிஸ்ப்ளே, வேற ஃபோல்ட். பதினெட்டாயிரம் வரும். நீங்க எண்டபடியாத்தான் முதலும் குறைச்சு எடுத்தனான்."

28,500 வாங்கியது குறைச்சலாம்.

நேற்றிரவு எங்கள் பாடசாலை ஐசிடி ரீச்சரின் மகன் வந்தார், கம்பஸில் படிக்கிற பிள்ளை. முதலில் ஒன்றையும் கழற்றவில்லை. லப்டொப்பை மூடினார், பத்து நிமிடம் கதைத்துக்கொண்டிருந்தார், திறந்தார். கறுப்பு. கேப்ஸ் லொக் கீயைத் தட்டினார். அதன் சின்ன லைட் எரிந்தது, திரும்பத் தட்ட அணைந்தது. "அன்ரி, கொம்பியூட்டர் எழும்பிட்டுது. ஸ்கிரீன்தான் எழும்பேல்ல" என்றார். விண்டோஸ் கீ, கன்ட்ரோல், ஷிப்ட், பி நான்கையும் சேர்த்து அமத்தினார். பீப் என்று ஒரு சத்தம், திரை ஒருதரம் வெட்டியது, என் வினாத்தாள் விட்ட இடத்தில் அப்படியே நின்றது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன். லப்டொப் தூங்கும்போது செய்த வேலையெல்லாம் ரேம் என்கிற தற்காலிக நினைவகத்தில் இருக்கும். ரேமுக்கு மட்டும் கொஞ்சம் கரண்ட் போய்க்கொண்டிருக்கும், மற்றவை ஓய்ந்துவிடும். எழும்பும்போது திரையைத் திரும்ப உயிர்ப்பிக்க வேண்டியது கிராபிக்ஸ் டிரைவர் என்கிற மென்பொருள். அப்டேட்டுக்குப் பிறகு அது சரியாகப் பொருந்தாவிட்டால் மற்ற எல்லாம் எழும்பும், திரை எழும்பாது. அந்த நான்கு கீயும் டிரைவரை மட்டும் திரும்பத் தொடக்கும். பவர் பட்டனைப் பத்துப் பதினைந்து விநாடி விடாமல் அமத்தினால் முழுதாக அணையும், பிறகு போட்டால் வரும், ஆனால் சேமிக்காத வேலை போய்விடும். கடையில் நடந்ததும் இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

என் மனம் ஆறவில்லை. கீழ் மூடியைக் கழற்றிப் பார்க்கச் சொன்னேன். ஒரு ஸ்குரூவின் மேல் கொம்பனி ஒட்டிய ஸ்டிக்கர் கிழியாமல் இருந்தது. உள்ளே ஆறு வருடத் தூசி பஞ்சு போலப் படிந்திருந்தது, ஒரு விரல் அடையாளம்கூட இல்லை. போர்டில் பொட்டுத் துருவும் இல்லை. "இதை ஒருத்தரும் திறக்கேல்ல அன்ரி" என்றார் அந்தப் பிள்ளை. பன்னிரண்டு நாளும் அது கொழும்புக்கும் போகவில்லை, ஒரு இடத்துக்கும் போகவில்லை, கடை றாக்கையில் கிடந்திருக்கிறது.

லப்டொப் கொம்பனியின் சொந்தத் தளத்தில் இருந்து அந்த மொடலுக்கான கிராபிக்ஸ் டிரைவரை இறக்கிப் போட்டார். ஷட் டவுன் செய்தாலும் பழைய டிரைவர் நிலையைச் சேமித்துவைத்து அடுத்தமுறையும் கொண்டுவருகிற ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பையும் நிறுத்தினார். செலவு ஒரு கோப்பை தேத்தண்ணி. நேற்றிரவிலிருந்து ஏழு தரம் மூடித் திறந்துவிட்டேன், ஏழு தரமும் எழும்பியது.

சரி, விவரமாகச் சொல்கிறேன் என்றேன், பாடசாலைக்கு நேரமாகிறது, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். திரை கறுப்பாக இருந்தால் முதலில் கேப்ஸ் லொக் லைட்டைப் பாருங்கள். எரிந்து அணைந்தால் அந்த நான்கு கீ. லைட் அசையாவிட்டால் பவர் பட்டனை நீளமாக அமத்துங்கள். அதற்கும் சரிவராவிட்டால் மட்டும் கடை. உங்கள் கண்முன்னால் மூடியைக் கழற்றிக் காட்டாமல் போர்ட் போய்விட்டது என்று சொன்னால் லப்டொப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். பாஸ்வேர்ட் கொடுக்காதீர்கள், நான் எல்லாவற்றையும் இன்று விடியவே மாற்றினேன். பில் இல்லாமல் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். கேட்டால் பற்றுச்சீட்டுத் தரத்தான் வேண்டும், 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் சட்டத்தில் இருக்கிறது. நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் தொலைபேசி இலக்கம் 1977. முறைப்பாட்டை எழுத்தில், மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும்.

என் கடிதத்தை எழுதி முடித்துவிட்டேன். "15" என்று எழுதிய காட்டையும், பதில் வராத வட்ஸ்அப் செய்திகளையும், தூசி படிந்த போர்டின் படத்தையும் சேர்த்திருக்கிறேன். 28,500 திரும்பி வருமோ தெரியாது. அந்தத் தங்கச்சி என் வகுப்பில் முன்வாங்கில் இருந்த பிள்ளை, இப்போதும் கோயிலில் கண்டால் ஓடிவந்து கதைக்கும். அவளிடம் இதைச் சொல்வதா விடுவதா என்றுதான் இன்னும் முடிவெடுக்க முடியவில்லை.