வீடு வாங்கும் முன் கட்டட ஆய்வுக்குப் பணம் கட்டப் போகிறீர்களா? எனக்கு நடந்ததைப் படித்துவிடுங்கள்

அம்மாவின் அறையில் ஃபால்ஸ் சீலிங்கின் ஒரு பலகையைக் கழற்றியபோதுதான் தெரிந்தது. மேலே கான்கிரீட் பெயர்ந்து, துருப்பிடித்த கம்பிகள் வரிசையாக வெளியே தெரிந்தன. விரலை வைத்தேன், துரு செதில் செதிலாகக் கையோடு வந்தது. நாங்கள் குடிவந்து 4 மாதம்தான் ஆகியிருந்தது.

கண்ணை மூடிக்கொண்டு வாங்கிய வீடு இல்லை இது. வாங்கும் முன்பே காசு கொடுத்து ஆள் வைத்துப் பார்த்தோம். 22 பக்கத்துக்கு ரிப்போர்ட் வந்தது. "மேற்கூரை நல்ல நிலையில் உள்ளது" என்று அதில் எழுதியிருக்கிறது.

நான் சொல்வது நிலம் அளக்கிற சர்வே இல்லை. எங்கே ஓதம், எங்கே விரிசல், எதற்கெல்லாம் செலவு வரும் என்று கட்டடத்தைப் பார்த்துச் சொல்கிற ஆய்வு. கடன் கொடுப்பவர்கள் அனுப்புகிற மதிப்பீட்டாளரும் இதைத்தான் செய்கிறார் என்று பலர் நினைக்கிறார்கள், நானும் நினைத்தேன். அது வேறு. கொடுக்கிற கடனுக்கு அந்த வீடு ஈடாகுமா என்று அவர்கள் தங்களுக்காகப் பார்த்துக்கொள்வது அது. உங்களுக்காகப் பார்க்கிற ஆளை நீங்கள்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

நாங்கள் தவறியது அந்த ஆளைப் பிடித்த விதத்தில். வீட்டைக் காட்டிய தரகரே, "நம்ம ஆள் ஒருத்தர் இருக்கார் சார், ரெண்டே நாளில் ரிப்போர்ட் கொடுத்துடுவார்" என்றார். அலைச்சல் மிச்சம் என்று சரி சொல்லிவிட்டேன். விற்பனை முடிந்தால்தான் தரகருக்குக் கமிஷன். அந்தத் தரகர் கூப்பிட்டால்தான் ஆய்வாளருக்கு அடுத்த வேலை. அப்படி இருக்கும்போது வீட்டில் குறை இருக்கிறது என்று அவர் ஏன் எழுதப்போகிறார்? இது எனக்கு அன்றைக்கே தோன்றியிருக்க வேண்டும்.

முழுக் கட்டணத்தையும் முன்பே வாங்கிக்கொண்டார். "நீங்க வர வேண்டாம், சாவி தரகர்கிட்ட இருக்கு, நான் பாத்துக்கறேன்" என்றார். அவர் அரை மணி நேரம்கூட உள்ளே இருக்கவில்லை என்று பக்கத்து வீட்டு அக்கா பின்னால் சொன்னார்.

கம்பியைப் பார்த்த பிறகு ரிப்போர்ட்டை எடுத்து வரி வரியாகப் படித்தேன். "பொருட்கள் இருந்ததால் பார்க்க இயலவில்லை", "மேல்பூச்சு இருந்ததால் ஆய்வு செய்யவில்லை" என்ற வரிகள் மட்டும் 9 இடத்தில். 14ஆம் பக்கத்தில் சமையலறை என்று ஒரு படம். எங்கள் சமையலறையில் ஜன்னல் தொட்டிக்கு நேர் மேலே இருக்கிறது. படத்தில் ஜன்னலே இல்லை. வேறு யார் வீட்டுக்கோ எழுதியதை எடுத்து எங்கள் முகவரியைப் போட்டிருக்கிறார். கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில், தவறு நேர்ந்தால் வாங்கிய கட்டணத்துக்கு மேல் பொறுப்பில்லை என்று ஒரு வரி. போனில் கேட்டதற்கு அந்த வரியைத்தான் படித்துக் காட்டினார். அப்புறம் போனை எடுக்கவே இல்லை.

பிறகு, தரகரோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஒரு இன்ஜினியரை நாங்களே தேடிப் பிடித்தோம். மூன்று மணி நேரம் இருந்தார். சுவரைச் சுத்தியலின் கைப்பிடியால் தட்டிக்கொண்டே போனார். பூச்சு பிடிப்போடு இருக்கிற இடத்தில் கெட்டியாகச் சத்தம் வந்தது, பொருமியிருந்த இடத்தில் வெற்றுப் பானை மாதிரி. அங்கெல்லாம் சாக்பீஸால் வட்டம் போட்டார். புதுப் பெயிண்டுக்கு அடியில் உப்புப் பூத்திருந்ததைச் சுரண்டிக் காட்டினார். மேல்மாடிக் குளியலறையின் வடிகாலை அடைத்து, தரையில் தண்ணீர் கட்டி 24 மணி நேரம் விட்டார். மறுநாள் கீழே அம்மாவின் அறைக் கூரையில் ஈரம் இறங்கியிருந்தது. வருஷக்கணக்காகக் கசிந்த தண்ணீர் கம்பியைத் துருவாக்கியிருக்கிறது. துரு இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கும், அது உப்ப உப்பக் கான்கிரீட்டை உள்ளிருந்தே நெட்டித் தள்ளிவிடும் என்று விளக்கினார். அதை மறைக்கத்தான் பழைய உரிமையாளர் ஃபால்ஸ் சீலிங் போட்டிருக்கிறார்.

ஹாலில் படிப்படியாகச் சாய்வாக ஏறுகிற ஒரு விரிசல் இருந்தது. முதல் ரிப்போர்ட்டில் அது "வழக்கமான மெல்லிய விரிசல்". இவர் தன் ஏடிஎம் அட்டையை அதில் செருகினார், தாராளமாக உள்ளே போனது. அந்த அட்டையின் தடிமன் சுமார் 0.76 மில்லிமீட்டர். முடி மாதிரி இருக்கிற விரிசலில் அது நுழையாது. விரிசலின் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி வைத்திருக்கிறார், கோட்டைத் தாண்டி வளர்கிறதா என்று பார்க்க.

ஆகவே, அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே ஆய்வை முடித்துவிடுங்கள். தரகரும் விற்பவரும் காட்டுகிற ஆள் வேண்டாம். நீங்களே பிடிக்கிற ஆளிடம், அவர் வேறு வீட்டுக்கு எழுதிய பழைய ரிப்போர்ட் ஒன்றைப் பெயர், முகவரியை மறைத்துவிட்டுக் காட்டச் சொல்லுங்கள். அதைப் படித்தாலே ஆள் எப்படி என்று தெரிந்துவிடும். மாடிக்கு ஏறுவாரா, ஃபால்ஸ் சீலிங்கைத் திறந்து பார்ப்பாரா, ஓதம் அளக்கிற கருவி வைத்திருக்கிறாரா என்பதை எழுத்தில் வாங்குங்கள். தொழில் பொறுப்புக் காப்பீடு, அதாவது அவர் வேலையில் தவறு நேர்ந்து உங்களுக்கு நஷ்டம் வந்தால் ஈடு கொடுக்கிற காப்பீடு, இருக்கிறதா என்றும் கேளுங்கள். ஆய்வுக் கட்டணத்தில் ஒரு பகுதியை, ரிப்போர்ட்டைப் படித்து உங்கள் சந்தேகங்களைக் கேட்டு முடிக்கும்வரை கையில் வையுங்கள். ஆய்வு நடக்கும்போது லீவு போட்டாவது கூடவே இருங்கள். "பார்க்க இயலவில்லை" என்று எழுதுகிற இடத்தை, விற்பவரிடம் கேட்டுத் திறந்து காட்டச் சொல்லுங்கள். திறக்க மறுத்தால் அந்த வீட்டை விட்டுவிடலாம் என்பது என் கருத்து.

அடுத்த வாரம் கூரைக்கு முட்டுக் கொடுத்து, பெயர்ந்த கான்கிரீட்டை உடைத்தெடுக்கும் வேலையை ஆரம்பிக்கிறார்கள். அதுவரை அம்மாவின் கட்டில் ஹாலில்தான், அந்தப் பென்சில் கோடு போட்ட சுவர் ஓரமாக.