சாவா என்றால் மலைப்பாம்பு: ஒரு டகாலோக் டிவி நிகழ்ச்சி பற்றி

கத்தாரில் வேலை பார்த்தபோது எங்கள் ரூமில் ஆறு பேர், அதில் இரண்டு பேர் பிலிப்பைன்ஸ்காரர்கள். அவர்களை அங்கே எல்லோரும் கபாயான் என்றுதான் கூப்பிடுவோம். ஒருநாள் ராத்திரி கீழ்க்கட்டில் கபாயான் மொபைலைப் பார்த்துக்கொண்டே "சாவா! சாவா!" என்று கத்தவும், ஐயோ பாவம், ஊரில் யாருக்கோ என்னமோ ஆகிவிட்டது என்று பதறிப்போய் மேலே இருந்து குதித்தேன். பார்த்தால் திரையில் ஒரு மலைப்பாம்பு. அவர்கள் பாஷையான டகாலோக்கில் அதற்குப் பெயரே சாவாதான். உலகிலேயே நீளமான பாம்பு இனம் அது, அவர்கள் ஊரில் கோழிக்கூண்டு வரைக்கும் வருமாம்.

அன்றைக்கு அந்த விலங்கு நிகழ்ச்சியைப் பார்க்கப் பிடித்த பழக்கம், சொந்த ஊரான கம்பத்துக்குத் திரும்பி வந்த பிறகும் விடவில்லை. நிகழ்ச்சியின் பெயர் 'பார்ன் டு பி வைல்ட்'. பிலிப்பைன்ஸின் ஜிஎம்ஏ சேனலில் 2007ல் ஆரம்பித்தது. பெயர்தான் இங்கிலீஷ், பேச்செல்லாம் டகாலோக். யூடியூபில் கிடைக்கிறது, சில எபிசோடுக்கு இங்கிலீஷ் சப்டைட்டிலும் உண்டு. இல்லாவிட்டாலும் பாதகமில்லை, பாதி வார்த்தை நமக்கே பிடிபடும். முகத்துக்கு முக்ஹா, வாத்தியாருக்கு குரோ, மாங்காய்க்கு மங்கா. மூங்கில் குழாயில் வேகவைத்த புட்டை அவர்கள் கிறிஸ்துமஸ் நேரத்தில் புத்தோ பும்போங் என்று சாப்பிடுகிறார்கள். குமுளி பக்கம் போய் மூங்கில் புட்டு தின்கிறவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இதை நடத்துகிற ஃபெர்ட்ஸ் ரெசியோவும் நீல்சன் டொனாடோவும் நடிகர்கள் இல்லை, கால்நடை டாக்டர்கள். நம்ம பாஷையில் மாட்டாஸ்பத்திரி டாக்டர்கள். மொத்த வித்தியாசமும் அங்கேதான் இருக்கிறது. வலையில் சிக்கிய பாம்பு என்றால், அதன் முன்னால் நின்று வீரவசனம் பேசுவதில்லை. ஒருவர் தலையைப் பிடித்துக்கொள்ள, டாக்டர் ஒவ்வொரு இழையாக, செதிலுக்கும் நைலான் நூலுக்கும் நடுவில் கத்திரி முனையை நுழைத்து வெட்டுகிறார், நூல் இறுக்கி அறுத்த இடத்தில் மருந்து தடவுகிறார், கையில் ரத்தம் ஒட்டியிருக்கிறது, கூட்டத்தில் நிற்கிற பாட்டியிடம் அப்படியே பேசிக்கொண்டும் இருக்கிறார். இதைப் பார்த்துக்கொண்டு இருந்தாலே பாம்பு மேல் இருக்கிற பயம் கொஞ்சம் இறங்கும். அடித்துக் கொல்லாதே, இதற்குச் சட்டம் இருக்கிறது என்பதையும் சொல்வார்கள் (அங்கே 2001ல் வந்த வனவிலங்குச் சட்டம், நமக்கு 1972லேயே வந்துவிட்டது), ஆனால் பாடம் நடத்துகிற தொனி இருக்காது.

இதை நான் இவ்வளவு தூரம் சொல்லக் காரணம் 2023 மே மாசம். அரிக்கொம்பன் என்கிற காட்டு யானை மே 27ஆம் தேதி எங்கள் ஊருக்குள் வந்தது, ஜூன் 5ஆம் தேதிதான் பிடித்தார்கள். 144 போட்டு வாசலில் நிற்கக்கூட விடவில்லை, வீட்டுக்குள் உட்கார்ந்து டிவியையே பார்த்தோம். எந்தச் சேனலைத் திருப்பினாலும் ஒரே அலறல், அதிரடி மியூசிக், அதே பத்து செகண்டு வீடியோ நூறு தடவை. அந்த யானை ஏன் அரிசியைத் தேடி வருகிறது, அது முன்னே இருந்த கேரளாவின் சின்னக்கானலில் அதன் வழி எப்படி அடைபட்டது, மயக்க ஊசி போட்டால் அதற்கு என்ன ஆகும், ரேடியோ காலர் எப்படி வேலை செய்கிறது என்று ஒரு மாட்டு டாக்டரைக் கூப்பிட்டுக் கால் மணி நேரம் பேச வைத்திருக்கலாம். அப்போது எனக்கு ரெசியோ ஞாபகம்தான் வந்தது.

இன்னொன்று, நம்ம பக்கத்து விலங்குகளையே இந்த நிகழ்ச்சி வழியாகத்தான் ஒழுங்காகப் பார்க்க ஆரம்பித்தேன். போஹோல் தீவில் டார்சியர் என்று ஒன்று இருக்கிறது, உள்ளங்கையில் அடங்கும், ஒரு கண்ணே அதன் மூளை அளவுக்கு இருக்கும். கண்ணை அசைக்கவே முடியாது, அதனால் கழுத்தைத்தான் முதுகுப்பக்கம் வரை திருப்பும். பார்த்தவுடன் 'அட, நம்ம தேவாங்கு' என்று தோன்றியது. ஒல்லியாக இருந்தால் தேவாங்கு என்று கிண்டலடிப்பதோடு சரி, திண்டுக்கல் கரூர் எல்லையில் கடவூர் மலையில் 2022ல் அதற்கென்றே சரணாலயம் அறிவித்தது எத்தனை பேருக்குத் தெரியும்?

பிலிப்பைன்ஸ் கழுகு பற்றி வந்தால் தவறவிடாதீர்கள். ஜோடி இரண்டு வருசத்துக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும். தாவோ நகரத்தில் இருக்கிற கழுகு மையத்தில் 1992ல் செயற்கைக் கருவூட்டல் மூலம் பொரிந்த முதல் குஞ்சுக்குப் 'பாக் ஆசா' என்று பெயர் வைத்தார்கள், நம்பிக்கை என்று அர்த்தம். ஆசா நம்ம ஆசைதான், சமஸ்கிருதம் வழியாக இரண்டு பக்கமும் போயிருக்கிறது. அது 2021ல் செத்துப்போனது. ஒரு கழுகுக்காக நான் வருத்தப்பட்டது அதுதான் முதல் தடவை.

குறை இல்லாமல் இல்லை. விளம்பரத்துக்கு முன்னால் 'என்ன ஆச்சு தெரியுமா' என்று ஒரு சஸ்பென்ஸ் வைத்து, திரும்பி வந்து அதையே முதலிலிருந்து காட்டுவார்கள், போனில் பார்க்கிறவனுக்கு இது பெரிய எரிச்சல். சில இடங்களில் விலங்கைத் தேவைக்கு மேல் கையில் எடுக்கிறார்களோ என்றும் படுகிறது. அப்புறம் டகாலோக்கும் இங்கிலீஷும் கலந்து வேகமாகப் பேசும்போது எனக்கே தலை சுற்றும். பத்துக்கு எட்டு கொடுப்பேன்.

பையன் இப்போது என்னோடு சேர்ந்து பார்க்கிறான். சுவரில் பல்லி தெரிந்தால் "புத்திக்கி" என்று டகாலோக்கில் கத்துகிறான். போன வாரம் வந்த மாமியார், பேரன் தன்னைத்தான் புத்திகெட்ட என்று திட்டுகிறான் என்று நினைத்து ரெண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை.